புது வீட்டுக்கு இம்பாக்ட் ஃபீ: எதற்கு வாங்குகிறார்கள், கடைசியில் யார் கட்டுகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் புது வீடு புக் செய்தவர்களும், பின்கட்டில் ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடலாமா என்று கணக்குப் போடுகிறவர்களும், சிட்டி கவுன்சில் கூட்டத்தில் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வந்து ‘இது இன்னொரு வரியா?’ என்று கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். நான் அதிகமாகப் பேசப்போவது கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா பற்றி. அங்கேதான் இந்தக் கட்டணத்தின் கதையும் சண்டையும் அதிகம்.

இம்பாக்ட் ஃபீ என்றால் சரியாக என்ன?

புதிதாக ஒரு வீடோ கடையோ அலுவலகமோ வந்தால் சாலையில் கார் கூடும், குடிநீர்க் குழாயிலும் சாக்கடையிலும் அளவு கூடும், பூங்காவுக்கும் நூலகத்துக்கும் ஆள் கூடும். அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க ஊர் புதிதாகக் கட்ட வேண்டியவற்றின் செலவில், அந்தக் கட்டடத்தின் பங்கு எவ்வளவோ அதை ஒரே ஒரு தடவை வாங்கிக்கொள்வதுதான் இம்பாக்ட் ஃபீ. பெரும்பாலும் பில்டிங் பர்மிட் எடுக்கும்போது பில்டர் கட்டுவார்.

வரைபடத்தைச் சரிபார்க்க வாங்கும் பிளான் செக் ஃபீ, இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வாங்கும் ஃபீ எல்லாம் இதில் சேராது, அவை அலுவலக வேலைக்கான கூலி. பர்மிட் ரசீதில் எல்லாமே ஒரே பட்டியலாக வருவதால் பலர் மொத்தத்தையும் இம்பாக்ட் ஃபீ என்றே சொல்லிவிடுகிறார்கள். பெயரும் ஊருக்கு ஊர் மாறும்: ஒரிகானில் ‘சிஸ்டம் டெவலப்மெண்ட் சார்ஜ்’ என்பார்கள், தண்ணீர் வாரியங்கள் ‘கெபாசிட்டி சார்ஜ்’ என்றும் ‘கனெக்‌ஷன் ஃபீ’ என்றும் போடும்.

இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம்?

கட்டுமானத்துக்கு மட்டும். புதிய சாலை, அகலப்படுத்தும் சாலை, சிக்னல், நீர்த்தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், பூங்கா நிலம், தீயணைப்பு நிலையம், சில ஊர்களில் தீயணைப்பு வண்டி வரைக்கும் இதில் வரும். போலீஸ்காரரின் சம்பளம், பூங்காவில் புல் வெட்டும் செலவு, பழைய சாலையில் குழி அடைக்கும் செலவு இதில் வராது.

எதற்கெல்லாம் வாங்கலாம் என்பதை மாநிலச் சட்டம் சொல்லும். டெக்சாஸ் சட்டம் கொஞ்சம் கறார்: தண்ணீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், சாலை, அவ்வளவுதான், பள்ளிக்கும் பூங்காவுக்கும் அந்தச் சட்டப்படி வாங்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் 1990 வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் சாலை, பூங்கா, பள்ளி, தீயணைப்பு நான்குக்கும் வாங்கலாம். கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டங்கள் சதுர அடிக் கணக்கில் தனியாக வாங்குகின்றன, அதனால் அங்கே பர்மிட் எடுக்கிறவர் சிட்டிக்கு ஒரு செக், பள்ளி மாவட்டத்துக்கு ஒரு செக், தண்ணீர் வாரியத்துக்கு ஒரு செக் என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

சொத்து வரி கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் ஊர் வளர்ந்தால் ஊர் கடன் பத்திரம் போட்டு சாலையும் குழாயும் அமைக்கும், எல்லோருடைய வரியிலிருந்தும் கடன் அடையும். அந்த ஏற்பாட்டை உடைத்ததில் கலிஃபோர்னியாவின் 13ஆம் முன்மொழிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். சொத்து வரி மதிப்பீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீடு கைமாறாதவரை அந்த மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, சிறப்பு வரி போட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஊர்களுக்குக் கை கட்டப்பட்டது. வீடுகளோ வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் இந்தக் கட்டணத்தின் வசதி எல்லோருக்கும் புரிந்தது. இதற்குப் பொது ஓட்டெடுப்பு வேண்டாம், கவுன்சில் தீர்மானம் போதும். அதைவிட முக்கியம், இதைக் கட்டப்போகிறவர் இன்னும் ஊருக்கே வரவில்லை, அவருக்கு அங்கே ஓட்டு இல்லை. ஏற்கெனவே இருப்பவர்களின் வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் பதவி போகும், வரப்போகிறவர்மேல் போட்டால் கைதட்டல் கிடைக்கும். இந்த அரசியலை மறந்துவிட்டு இம்பாக்ட் ஃபீயைப் பேசுவதில் பிரயோசனமே இல்லை என்பது என் எண்ணம். கட்டணத்தின் தத்துவம் சரியானதுதான். ஆனால் கட்டுகிறவர் கூட்டத்தில் இல்லாதபோது தொகையை ஏற்றிக்கொண்டே போகும் ஆசை யாருக்கும் வரும். அதனால்தான் கணக்கைக் காட்டு என்று சட்டமும் நீதிமன்றமும் நெருக்குகின்றன.

மாநிலங்களில் இதற்கெனப் பொதுச் சட்டம் முதலில் போட்டது டெக்சாஸ், 1987இல். அதே ஆண்டு கலிஃபோர்னியா போட்ட சட்டம் 1989 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஜார்ஜியா 1990. ஃபுளோரிடாவில் பல பத்தாண்டுகள் நீதிமன்றத் தீர்ப்புகளின் பலத்திலேயே ஓடி, 2006இல்தான் தனிச் சட்டம் வந்தது.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சும்மா ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்களா?

சொல்லக் கூடாது. ‘நெக்சஸ் ஸ்டடி’ என்று, புதுக் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் கேட்கும் தொகைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஓர் அறிக்கை தயாராகும். பெரும்பாலும் வெளி ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதித் தரும், பாதிப்பக்கம் அட்டவணையாகவே இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பணத்தின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது.

சாலைக்கு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாலையை அகலப்படுத்த 60 லட்சம் டாலர் ஆகும் என்று வையுங்கள். அதில் 20 லட்சம் மாநில மானியமாக வருகிறது, மீதி 40 லட்சம். அகலப்படுத்தினால் மாலை நெரிசல் நேரத்தில் மணிக்குக் கூடுதலாக 1,000 பயணங்கள் போகலாம். ஆக ஒரு பயணத்துக்கு 4,000 டாலர். இந்தப் பயணக் கணக்குக்கு ஊர்கள் வழக்கமாக எடுத்துவைத்துக்கொள்வது போக்குவரத்துப் பொறியாளர்கள் சங்கமான ஐ.டி.ஈ. வெளியிடும் கையேடு. அதன் 11ஆம் பதிப்பின்படி ஒரு தனி வீட்டிலிருந்து வார நாளில் சராசரியாக 9.4 பயணமும், மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு 0.94 பயணமும் உண்டாகின்றன. 4,000ஐ 0.94ஆல் பெருக்கினால் 3,760 டாலர்.

இதோடு முடியவில்லை. இதே வீட்டுக்காரர் நாளைக்குப் பெட்ரோல் வரியாகவும் சொத்து வரியாகவும் கட்டப்போவதில் ஒரு பகுதி இதே சாலைக்குப் போகிறது என்றால், அதையும் இன்றைய மதிப்பில் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் ஒரே சாலைக்கு இரண்டு தடவை காசு வாங்கியதாகும். அது 500 டாலர் என்றால் கட்டணம் 3,260. நான் பார்த்தவரை இப்படிக் கழிக்கும் கணக்குதான் அறிக்கைகளில் மிக மெலிதாக இருக்கும், சிலவற்றில் ‘பொருந்தாது’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுவார்கள். முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.

கடைகளுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் வழியில் நிறுத்திப் பொருள் வாங்கினால் அது சாலையில் புதிய பயணம் ஆகாது, அவர் ஏற்கெனவே அந்தச் சாலையில்தான் இருந்தார். இப்படி ‘போகிற போக்கில்’ வருகிறவர்களைக் கழித்த பிறகுதான் கடைக்குப் போட வேண்டும்.

தண்ணீருக்கும் பூங்காவுக்கும் பயணம் ஏது?

தண்ணீருக்குப் பல ஊர்களில் மீட்டர் அளவுதான் அளவுகோல். முக்கால் அங்குலத்துக்கும் குறைவான, 5/8 அங்குல மீட்டரை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், 1 அங்குல மீட்டர் இரண்டரை வீடு, 2 அங்குலம் எட்டு வீடு. குழாய் வழியே எவ்வளவு நீர் போக முடியும் என்ற விகிதம் அது. இதில் ஒரு பொறி இருக்கிறது: கலிஃபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்குத் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் கட்டாயம், அதற்காக மட்டுமே சில வீடுகளுக்கு 1 அங்குல மீட்டர் தேவைப்படும். தினசரி உபயோகம் கூடவில்லை, கட்டணம் மட்டும் இரண்டரை மடங்காகிவிடும். பல தண்ணீர் வாரியங்கள் இதற்குச் சலுகை வைத்திருக்கின்றன. விண்ணப்பத்திலேயே ஸ்பிரிங்ளருக்காக என்று எழுதிக் கேளுங்கள்.

பூங்காவுக்கு 1,000 பேருக்கு இத்தனை ஏக்கர் என்ற கணக்கு. கலிஃபோர்னியாவில் மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு 1965ஆம் ஆண்டின் குவிம்பி சட்டம் 3 ஏக்கரிலிருந்து தொடங்குகிறது, ஊரில் ஏற்கெனவே அதைவிட அதிகம் இருந்தால் 5 ஏக்கர் வரை கேட்கலாம்.

எங்கள் சாலை ஏற்கெனவே நெரிசல். அதைச் சரிசெய்யவும் புது வீட்டுக்காரர்களிடம் வாங்கலாமா?

கூடாது. இருக்கிற குறையை இருப்பவர்கள்தான் தீர்க்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில், புதிதாகக் கிடைக்கும் 1,000 பயணங்களில் 250 இப்போதே காத்துநிற்கும் கார்களுக்குப் போகிறது என்றால், அந்த 250க்கான 10 லட்சம் டாலரை ஊர் வேறு வழியில் தேட வேண்டும். புது வீடுகளின் பங்கு 30 லட்சம் மட்டுமே. நடைமுறையில் இந்த 10 லட்சத்துக்குப் பணம் ஒதுக்காமலேயே தீர்மானம் போட்டுவிடுவது உண்டு. அப்புறம் ஃபீ வசூலாகிக் கணக்கில் கிடக்கும், சாலை வராது, ஏனென்றால் ஊரின் பங்கு வந்தால்தானே வேலை தொடங்கும்.

இதைச் சொல்லும்போது சேர்த்துச் சொல்ல வேண்டியது, ஊரில் இப்போது 1,000 பேருக்கு 2 ஏக்கர் பூங்காதான் இருக்கிறது என்றால், புதிதாக வருகிறவர்களிடம் 5 ஏக்கர் கணக்கில் ஃபீ வாங்கிவிட்டு நாம் எல்லோரும் அனுபவிப்போம் என்பதும் இதே தவறுதான்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், ஆனால் சுவாரஸ்யமானது.

1976இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றத்தில் டனீடின் நகரத்தின் தண்ணீர், சாக்கடைக் கட்டண வழக்கு. புதிதாக இணைப்பு வாங்குகிறவரிடம் விரிவாக்கச் செலவை வாங்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனால் அந்தப் பணம் விரிவாக்கத்துக்கு மட்டும்தான் போகும் என்று விதியில் எழுதவில்லையே என்று சொல்லி அந்த வடிவில் செல்லாது என்றது. தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற இன்றைய வழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

அடுத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1987, நோலன் வழக்கு. கலிஃபோர்னியாவில் கடற்கரையோரம் 504 சதுர அடியில் ஒரு பழைய சின்ன வீடு. அதை இடித்துவிட்டு மூன்று படுக்கையறை வீடு கட்ட அனுமதி கேட்டார்கள். புது வீடு சாலையிலிருந்து கடல் தெரிவதை மறைக்கும், ஆகவே வீட்டுக்குப் பின்னால் கடலோரமாக மக்கள் நடந்துபோக வழி விட வேண்டும் என்றது கடற்கரை ஆணையம். சாலையில் நிற்கிறவருக்குக் கடல் தெரியாமல் போவதற்கும் கடற்கரையில் ஏற்கெனவே நடக்கிறவருக்கு வழி விடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டது நீதிமன்றம். பாதிப்புக்கும் கேட்பதற்கும் உண்மையான தொடர்பு வேண்டும்: ‘நெக்சஸ்’ என்று நீதிமன்றம் சொன்னது இந்தத் தொடர்பைத்தான்.

1994இல் டோலன் வழக்கு, ஒரிகானின் டைகார்ட் நகரம். குழாய், மின்சாமான் விற்கும் கடை ஒன்றை 9,700 சதுர அடியிலிருந்து 17,600 சதுர அடியாகப் பெரிதாக்க அனுமதி கேட்டார்கள். ஓடையோர வெள்ளச் சமவெளியையும், அதை ஒட்டி 15 அடி அகலத்தில் சைக்கிள் பாதைக்கான துண்டையும் ஊருக்கு எழுதிக் கொடு என்றது நகரம். மனையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. சைக்கிள் பாதையால் கூடுதல் போக்குவரத்தில் கொஞ்சம் ‘குறையக்கூடும்’ என்பது நகரத்தின் வாதம். குறையக்கூடும் என்று சொன்னால் போதாது, குறையும் என்பதற்கு ஏதாவது அளவு காட்டு என்றது நீதிமன்றம். துல்லியமான கணிதம் வேண்டாம், ஆனால் தோராயமாகவாவது பொருந்த வேண்டும். ஒரே ஒரு வினைமுற்றில் வழக்கு தோற்றது என்று சட்ட மாணவர்கள் கேலியாகச் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

இவை இரண்டும் நிலம் கேட்ட வழக்குகள். பணம் கேட்டாலும் இதே விதிதான் என்று 2013இல் ஃபுளோரிடாவின் கூன்ட்ஸ் வழக்கு சொன்னது. ஆனாலும் கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தன: அதிகாரி ஒருவர் ஒரு மனையைப் பார்த்துத் தனியாகப் போடும் நிபந்தனைக்குத்தான் இந்தச் சோதனை, எல்லோருக்கும் பொதுவாகச் சட்டமன்றமோ கவுண்டி சபையோ போட்ட அட்டவணைக்குக் கிடையாது என்று. அந்த வாசல் 2024 ஏப்ரலில் அடைபட்டது. எல் டோராடோ கவுண்டியில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் வீடு ஒன்றை வைக்க பர்மிட் கேட்டார், சாலைக்கான ஃபீ 23,420 டாலர் என்று வந்தது. அவர் வீட்டால் எந்தச் சாலைக்கு என்ன பாதிப்பு என்று யாரும் பார்க்கவில்லை, இந்தப் பகுதியில் இந்த வகை வீடு என்றால் இவ்வளவு என்று அட்டவணை சொன்னது, அவ்வளவுதான். எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே கட்டிவிட்டு வழக்குப் போட்டார். ஷீட்ஸ் எதிர் எல் டோராடோ கவுண்டி என்ற அந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, சபை போட்ட கட்டணம் என்பதற்காகச் சோதனையிலிருந்து விலக்குக் கிடையாது என்றார்கள்.

இதை ‘இம்பாக்ட் ஃபீ செல்லாது’ என்று பரப்பியவர்கள் உண்டு. அப்படிச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பாதிப்பைக் காட்ட வேண்டுமா, வகைக்கு ஒரு சராசரி போதுமா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடாமல் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

வீடு வாங்குகிற என் பில்லில் இது எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. பில்டர் பர்மிட் எடுக்கும்போதே கட்டிவிட்டார், விலையோடு விலையாகக் கலந்துவிட்டது. நீங்களே மனை வாங்கி நீங்களே கட்டினால்தான் நேரில் பார்ப்பீர்கள்.

அப்படியானால் கட்டுவது நான்தானா, பில்டரா?

மூன்று பேர் இருக்கிறார்கள்: வாங்குகிறவர், பில்டர், முதலில் நிலத்தை விற்றவர். சுமை யார் தலையில் விழும் என்பது நேரத்தைப் பொறுத்தது.

நிலம் வாங்கும் முன்பே ஃபீ எவ்வளவு என்று தெரிந்தால், பில்டர் பின்னாலிருந்து கணக்குப் போடுவார். வீடு எவ்வளவுக்குப் போகும், கட்டும் செலவு எவ்வளவு, ஃபீ எவ்வளவு, லாபம் எவ்வளவு, மிஞ்சுவதுதான் நிலத்துக்கு. ஃபீ கூடினால் நிலத்துக்கு மிஞ்சுவது குறையும், நிலக்காரர் அதை ஏற்றுக்கொண்டு விற்றால் சுமை அவருக்கு. விற்காமல் உட்கார்ந்துகொண்டால் அங்கே வீடே வராது, இருக்கிற வீடுகளின் விலை ஏறும். நிலம் வாங்கிய பிறகு திடீரென்று ஏற்றினால் பில்டருக்கு அடி. வீடு கிடைக்காமல் ஆட்கள் அலைமோதும் ஊரில் கணிசமான பகுதி வாங்குகிறவர் தலையில்தான். இதில் சத்தமில்லாமல் லாபம் பார்ப்பவர் ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவர்: புது வீட்டின் விலை ஏறினால் பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டின் விலையும் கொஞ்சம் ஏறும், அவர் ஃபீ கட்டியதே இல்லை.

தொகை சின்னதும் இல்லை. கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெர்னர் மையம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எடுத்துக்கொண்ட ஏழு நகரங்களில் எல்லாக் கட்டணங்களையும் கூட்டினால் நடுத்தர வீட்டு விலையில் 6 முதல் 18 சதவீதம் வரை வந்தது. பிளான் செக் போன்றவையும் சேர்ந்த கணக்கு அது.

500 சதுர அடி வீட்டுக்கும் 4,000 சதுர அடி வீட்டுக்கும் ஒரே தொகையா?

பல ஊர்களில் அப்படித்தான் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று தட்டையாகப் போட்டால் சின்ன வீடு கட்டுகிறவருக்கு விலையில் பெரிய பங்கு, மாளிகை கட்டுகிறவருக்குத் தூசு. பில்டரும் என்ன செய்வார்? ஃபீ எப்படியும் கட்டணும், பெரிய வீடாகவே கட்டிவிடலாம் என்பார். இந்தக் கட்டணத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கலிஃபோர்னியா 2021இல் போட்ட ஏ.பி. 602 சட்டத்தின்படி, 2022 ஜூலைக்குப் பிறகு செய்யும் நெக்சஸ் ஸ்டடியில் வீட்டுக் கட்டணத்தைச் சதுர அடி விகிதத்தில் போட வேண்டும், வேறு அளவுகோல்தான் பொருத்தம் என்றால் ஏன் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். அறிக்கையை எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

பின்கட்டில் கட்டும் ஏ.டி.யூ.வுக்கு (முதன்மை வீட்டோடு சேர்ந்த சின்னத் தனி வீட்டுக்கு)?

கலிஃபோர்னியாவில் 750 சதுர அடி வரை இம்பாக்ட் ஃபீ கிடையாது. அதற்கு மேல் போனால் முதன்மை வீட்டின் அளவோடு ஒப்பிட்டு விகிதப்படி. அதனால்தான் 749 சதுர அடி வரைபடங்கள் இவ்வளவு பிரபலம்.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால்?

ஒரு வீடு போய் ஒரு வீடு வந்தால் ஊருக்குச் சுமை கூடவில்லை, ஆகவே பழைய வீட்டுக்கான தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். இடித்து எவ்வளவு காலத்துக்குள் பர்மிட் எடுக்க வேண்டும் என்று சில ஊர்கள் கெடு வைத்திருக்கும். இடிக்கும் முன் அங்கே வீடு இருந்ததற்கான ஆதாரத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பழைய தண்ணீர் பில் ஒன்று போதும் பல இடங்களில். சமையலறையை மாற்றுவது, அறை சேர்ப்பது போன்றவற்றுக்குச் சாதாரணமாக வராது. சதுர அடிக் கணக்குள்ள பள்ளிக் கட்டணம் மட்டும் பெரிய விரிவாக்கத்துக்கு வரலாம்.

மெல்லோ-ரூஸ், எம்.யூ.டி., எச்.ஓ.ஏ. எல்லாம் இதேதானா?

இல்லை, ஆனால் வாங்குகிறவரைக் குழப்பும் இடம் இதுதான். மெல்லோ-ரூஸ் என்பது கலிஃபோர்னியாவில் 1982 சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட பகுதிக்குப் போடும் சிறப்பு வரி, ஆண்டுதோறும் சொத்து வரி பில்லில் வரும், பத்திரக் கடன் அடையும்வரை பல ஆண்டுகள் ஓடும். டெக்சாஸ் புறநகரில் எம்.யூ.டி. என்னும் தண்ணீர் மாவட்டத்தின் வரியும் ஆண்டு வரிதான். எச்.ஓ.ஏ. உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கான சந்தா, அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இம்பாக்ட் ஃபீ ஒரு தடவையோடு முடியும். ஒரே லேஅவுட்டில் இம்பாக்ட் ஃபீயும் மெல்லோ-ரூஸும் இரண்டும் இருக்கலாம். இரண்டும் ஒரே பூங்காவுக்கா என்று கேட்பது தப்பே இல்லை.

பில்டரே சாலை போட்டுக் கொடுத்தால் ஃபீ வேண்டாமா?

ஊரின் திட்டப் பட்டியலில் உள்ள சாலையை அவர் போட்டால் அந்தச் செலவு ஃபீயில் கழியும். லேஅவுட்டுக்கு உள்ளே போடும் தெருவுக்குக் கழிவு கிடையாது, அது அவர் வீட்டு வேலை.

வாங்கிய பணத்தைச் செலவே செய்யாமல் வைத்திருந்தால்?

திருப்பித் தர வேண்டும், காலக்கெடு மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸிலும் வாஷிங்டனிலும் பத்து ஆண்டு. கலிஃபோர்னியாவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மிச்சப் பணம் எதற்காக, மீதி நிதி எங்கிருந்து எப்போது வரும் என்று சபை எழுத்தில் முடிவெடுக்க வேண்டும். அதை எடுக்கத் தவறினால் திருப்பித் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் எவ்வளவு வந்தது, எதில் போனது என்று பொது அறிக்கையும் போட வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் திரும்பி வரும் பணம் கட்டிய பில்டருக்குப் போகாது, திருப்பித் தரும்போது அந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

ஊர் நினைத்தபோதெல்லாம் ஏற்றலாமா?

ஃபுளோரிடாவில் 2021 முதல் வேகத்தடை இருக்கிறது: 25 சதவீதம் வரை ஏற்றினால் இரண்டு ஆண்டுத் தவணையில், 25க்கு மேல் 50 வரை என்றால் நான்கு ஆண்டுத் தவணையில், 50ஐத் தாண்டக் கூடாது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. மற்ற இடங்களில் பொதுவிசாரணை நடத்தித்தான் ஏற்ற முடியும். அந்த விசாரணைக்குப் போனால் பில்டர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் இருப்பார்கள், ‘வளர்ச்சி தனக்குத்தானே காசு கொடுக்கட்டும்’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள், வீடு தேடுகிற ஒருவரும் இருக்க மாட்டார்.

ஃபீயை அடியோடு எடுத்துவிட்டால் வீடு மலிவாகுமா?

கொஞ்சம் ஆகலாம், உடனே ஆகாது. ஏற்கெனவே வாங்கி வைத்த நிலத்தில் மிச்சமாகும் காசு முதலில் பில்டர் பாக்கெட்டுக்குப் போகும். தண்ணீர்க் குழாய் மட்டும் எப்படியும் வேண்டுமே. அந்தச் செலவு எல்லோருடைய தண்ணீர் பில்லிலும் ஏறும், இல்லையென்றால் இணைப்புத் தர முடியாது என்று ஊர் கையை விரிக்கும். எடுப்பதைவிட நேரத்தை மாற்றுவது எளிது. பர்மிட் எடுக்கும்போது கட்டினால் வீடு விற்கும்வரை அந்தத் தொகைக்குக் கடன் வட்டி ஓடும். கலிஃபோர்னியா 2025 தொடக்கத்திலிருந்து, குறிப்பிட்ட வகைக் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பெரும்பாலான கட்டணங்களைக் குடியேறும் சான்றிதழ் வரும்வரை தள்ளிவைத்திருக்கிறது.

கவுன்சிலில் மூன்று நிமிடம் பேசக் கிடைத்தால் என்ன கேட்பது?

ஃபீ வேண்டாம் என்று பேசினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். திட்டப் பட்டியலில் ஊரின் பங்கு எவ்வளவு, அது எந்த வரவிலிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று வந்தால் அந்தச் சாலை இப்போதைக்கு வரப்போவதில்லை. அப்புறம் போன ஐந்து ஆண்டில் வசூலான தொகையில் செலவானது எவ்வளவு என்று கேளுங்கள்.

எனக்குப் போட்ட தொகை தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

முதலில் கவுண்டரிலேயே எந்த வகையில் போட்டார்கள் என்று பாருங்கள். டவுன்ஹவுஸைத் தனி வீடு என்று போட்டிருப்பார்கள், பழைய வீட்டுக் கழிவை மறந்திருப்பார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தீராவிட்டால் கட்டாமல் சண்டை போட வேண்டாம், பர்மிட் நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, எதிர்ப்புடன் கட்டுகிறேன் என்றும் காரணம் இன்னது என்றும் 90 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். எதிர்த்தார் என்பதற்காக அனுமதியை நிறுத்திவைக்க முடியாது. ஊர் உங்களுக்குத் தொகையையும் இந்த 90 நாள் உரிமையையும் சொல்லி ஒரு நோட்டீஸ் தர வேண்டும். வழக்குப் போட அந்த நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 180 நாள். பர்மிட் காகிதக் கட்டில் அந்த நோட்டீஸ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், தரவே இல்லை என்றால் உங்கள் கெடு இன்னும் தொடங்கவில்லை என்று வாதாடலாம்.